உள்ளே மடித்த துணி

"எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிக் குடுத்துடு."

"ஒரே மூட்டையா கொண்டுபோய் எங்க வைப்பீங்க, அவ தலைமேலயா?"

"அதை நான் பாத்துக்குறேன். நீ முதல்ல..."

"பாத்துக்குவீங்க. பஸ்ல விட்ட குடையைத் தேடப் போய் டிபன் பாக்ஸையும் விட்டுட்டு வந்தவர்தான..."

"பேச்சை மாத்தாத. என் பேண்ட்டெல்லாம் எங்க?"

"இஸ்திரி போடாம ஒரு துணியும் இந்த வாசலைத் தாண்டாது. கடைப் பேரு கெட்டுப்போகும்."

"நான் என்ன உன் கஸ்டமரா?"

"வேற யாரு?"

எங்கள் வீட்டுச் சண்டைகள் அப்படித்தான் முடியும். ஜெயித்தது யார் என்று தெரியாது. இஸ்திரிப் பெட்டி மட்டும் நன்றாகச் சூடாகியிருக்கும். அன்றும் என் கணவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தார். நான் இரண்டு சட்டை, இரண்டு பேண்ட்டுக்குப் பெட்டி போட்டு, மடித்து, பையில் வைத்துக் கொடுத்தேன். மீதியைக் கேட்டார். மீதியை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அந்தப் பையோடு அவர் என்னை விட்டுப் போனார்.

நான் துணி திருத்துகிறவள். கடையில் வாங்கியது உடம்போடு ஒத்துப்போகாதபோது என்னிடம் கொண்டுவருவார்கள். கால் நீளத்தைக் குறைக்க, இடுப்பைப் பிடிக்க, பிள்ளை பெற்ற பிறகு பிரித்து விட. வீட்டின் முன்னறைதான் கடை. வேலைக்குக் குறைவே கிடையாது. ஆளுக்கு ஒரு அளவில் மனிதர்கள் இருக்கிறார்கள், நாலே அளவில் துணி விற்கிறார்கள். அந்த இடைவெளியில் எனக்குப் பிழைப்பு.

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். உயரமான கட்டடங்களில் எல்லாம் அவருக்கு மரியாதை உண்டு. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்களைக் கதவைத் திறந்து வெளியே எடுப்பவர் அல்லவா. தன்னையும் அப்படியே ஒரு நாள் திறந்து எடுத்துக்கொண்டார். போய்ச் சேர்ந்தது மருந்துக்கடைக்காரியிடம். நான்கு தெரு தள்ளி அவள் கடை. கடைக்கு மேலே ஒற்றை அறையில் அவள் குடியிருப்பு. கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். தலைவலிக்கு மாத்திரை கேட்டால், முதலில் தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்கிற ரகம்.

அந்த ஒற்றை அறையில் ஒரே ஒரு அலமாரி, அதுவும் அவள் துணியாலேயே நிரம்பி வழிந்தது. அதனால் நான் சொன்ன ஏற்பாடு அவருக்குப் பிடித்துப்போயிற்று. வாரத்துக்கு இரண்டு செட்டு கொண்டுபோவது. போட்டு அழுக்கானதை அடுத்த வாரம் என்னிடம் கொடுத்துவிட்டு வேறு இரண்டை எடுத்துக்கொள்வது. துவைப்பதும் பெட்டி போடுவதும் என் பொறுப்பு. "அக்காவுக்கு எதுக்குங்க சிரமம்" என்று அவள் சொன்னாளாம். சொன்னவள்தான் வெள்ளைச் சட்டையையும் நீலப் போர்வையையும் ஒன்றாக மெஷினில் போட்டு, அவரை ஒரு வாரம் ஆகாய நிறத்தில் வேலைக்கு அனுப்பியிருந்தாள். அதற்குப் பிறகு அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்துக் கடையில் சாவி வெட்டுகிறவர் ஒரு நாள் வாசலில் நின்றபடி கேட்டார்: "என்னக்கா, கட்டின புருஷனைத் தவணை முறையில அனுப்புறீங்க போல?"

சிரித்தேன். அவர் சொன்னது சரிதான். ஒரே நாளில் போனால் தாங்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அவர் எடுத்துப்போகாத பொருள் ஒன்று உண்டு. கறுப்புக் கோட்டு. திருத்துகிற வேலைதான் என் வேலை என்றேன்; அளவெடுத்து, வெட்டி, முதலில் இருந்து நானே தைத்த உடுப்பு வாழ்க்கையில் அது ஒன்றுதான். அவரைத் தலைமை மெக்கானிக் ஆக்கியபோது கம்பெனி விழாவுக்காகத் தைத்தேன். எடுத்துப்போங்கள் என்றபோது, "கோட்டு மாட்டிக்கிட்டு லிஃப்ட் குழிக்குள்ள இறங்கவா?" என்று அங்கேயே விட்டுவிட்டார். அலமாரியில் துணி உறைக்குள் அது தொங்கியது. அதை நான் தொடவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துணை இல்லாத வீடு அமைதியாக இருக்கும் என்கிறார்கள். என் வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. நாள் முழுக்க மெஷின் ஓடும், ஆள் வந்து போகும். ஒரு நாளில் எத்தனையோ பேருடைய இடுப்பைச் சுற்றி என் டேப் போய் வரும். கையைத் தூக்குங்கள், திரும்புங்கள், மூச்சை விடுங்கள் என்று எல்லோரையும் தொட்டுத் தொட்டுப் பேசுவேன். என்னைத் தொடுகிறவர் யாரும் இல்லை. இது புகார் கிடையாது. வெயில் காலத்தில் வியர்க்கும் என்பது போல ஒரு தகவல்.

அவருடைய விடுமுறை நாளில் முற்பகல் வேளையில் வருவார். உள்ளே போய் மாற்றிக்கொண்டு, கடைக் கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு, வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்காருவார். டீ கொடுப்பேன். பேசுவார். வீட்டோடு இருந்த காலத்தில் "சாப்பாடு ஆச்சா", "கதவைப் பூட்டு" என்ற இரண்டு வாக்கியத்தில் குடும்பம் நடத்தியவர், போன பிறகு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கதை கதையாகச் சொன்னார். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட மாமியாரும் மருமகளும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போனது, வெளியே எடுத்ததும் மறுபடி விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்கியது. நான் ஊசியில் நூல் கோர்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். மனைவியாக இருந்து கிடைக்காத கணவன், கடைக்காரியாக இருந்தபோது கிடைத்தார்.

ஒரு நாள் அவர் கண்ணாடி முன் நின்றபோது, சட்டையின் தோள் தையல் தோளைத் தாண்டி இறங்கியிருந்ததைப் பார்த்தேன். மற்றவர் கண்ணுக்கு அது தெரியாது. எனக்கு அது சுவரில் கோணலாக மாட்டிய படம். சரி செய்யாவிட்டால் கை ஊறும். அந்த வாரம் அவர் போட்டுவிட்டுப் போன சட்டைகளைத் துவைத்து, பக்கவாட்டில் ஒரு பிடி பிடித்து, கையைப் பிரித்து ஏற்றித் தைத்து வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சமையலில் உப்பு குறைந்தால் போட்டுக் கலக்குகிறோம், ஊரைக் கூட்டியா போடுகிறோம்?

அடுத்த முறை அதைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்கி இறக்கிப் பார்த்தார்.

"உன் கை பட்டாத்தான் சட்டை சட்டையா இருக்கு," என்றார்.

கூட வாழ்ந்த வருஷங்களில் ஒரு நாளும் சொல்லாத வார்த்தை. அதற்காக இன்னும் ஒரு பிடி பிடிக்கலாம் என்று யாருக்குத்தான் தோன்றாது.

பிடிக்க வேண்டியும் வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் மறுபடியும் தோள் இறங்கியது. பேண்ட் பின்புறம் தொங்கியது. இந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. பேண்ட்டின் பின்பக்கத் தையலை அதிகம் பிடித்தால் இரண்டு பாக்கெட்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டி நின்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பாக்கெட்டுகளைக் கழற்றித் தள்ளி வைத்துத் தைத்தேன். சட்டையைப் பக்கவாட்டில் பிடித்தால் மார்புப் பாக்கெட் அக்குளைப் பார்க்க நகரும். அதையும் இடம் மாற்றினேன். பழைய தையல் ஊசித் துளைகளை விட்டுப்போகும். ஈரத் துணி போட்டுப் பெட்டியால் அழுத்தினால் அவை மூடிக்கொள்ளும். புது நூல் பளபளக்கும். அதே சட்டையின் அடி மடிப்பிலிருந்து உருவிய வெளுத்த நூலைக் கொண்டே தைத்தேன். சுத்தமான வேலை. இப்போது சொல்லும்போதும் எனக்கு ஒரு திருப்தி இருக்கிறது. அதை மறைப்பானேன்.

உடம்பு இளைப்பதில் இரண்டு வகை உண்டு. நடந்து, வாயைக் கட்டி இளைக்கிறவர்களுக்கு முதலில் தொப்பை போகும். அவர்கள் இடுப்பைப் பிடிக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வருவார்கள். இன்னொரு வகை மேலிருந்து கரையும். கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இடம் விழும், தோள் கூராகும், பின்புறம் வற்றும். ஒரு கணக்கு வாத்தியார் அப்படி என்னிடம் வந்துகொண்டிருந்தார். முதலில் ஒரு பேண்ட், பிறகு நாலைந்து, பிறகு எல்லாவற்றையும். கடைசியில் அவர் மனைவி வந்து, திருத்திய துணிகளையும் திருத்தாததையும் சேர்த்து என் மேஜைமேல் வைத்து, "யாருக்காவது குடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே, அவர் கழுத்தில் இடம் விழுந்ததை நான் பார்த்தேனா என்றால், பார்த்தேன். அது எந்த வகை என்று தெரிந்ததா என்றால், தெரிந்தது.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் என்ன ஆகும் என்று நானும் யோசித்தேன். டாக்டர், பரிசோதனை, ஆஸ்பத்திரி, வேளாவேளைக்கு மாத்திரை. இதெல்லாம் யாருடைய ராஜ்யம்? மருந்துக்கடைக்காரியின் ராஜ்யம். நோயாளி ஆகிவிட்டால் அவர் அவளுடைய ஆள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியேறுவார், அவள் கொடுப்பதை விழுங்குவார். விடுமுறை நாளில் பையைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு நடந்து வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து கதை சொல்வாரா? ஆரோக்கியமாக இருக்கிறவரைக்கும்தான் அவர் எனக்கும் கொஞ்சம். அதனால் என் கடைக்குள் அவரை ஆரோக்கியமாக வைத்திருந்தேன்.

அதுவும் நிரந்தரமாக என்று நினைக்கவில்லை. துணியை ஒரு இடத்திலும் வெட்டியது கிடையாது. பிடித்ததை எல்லாம் உள்ளேயே மடித்து வைத்தேன். தேறிவிட்டார் என்றால் தையலைப் பிரித்து விட வேண்டியதுதான், பழைய சட்டை பழையபடி. யாரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அவள் சும்மா இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டாள். தினமும் நோயாளிகளைப் பார்க்கிறவள். அவருடைய பிறந்தநாளுக்கு, அவர் அளவு தெரிந்து வைத்துக்கொண்டு, இரண்டு புதுச் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தாள். போட்டால் கொடியில் காயப்போட்ட மாதிரி இருந்தது. நீங்கள் இளைத்துவிட்டீர்கள், டாக்டரிடம் போகலாம் என்று பிடித்துக்கொண்டாளாம். அவர் என்னிடம் வந்து அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"அளவு தெரியாம வாங்கிட்டு வந்து, ஆளு இளைச்சுட்டேன்னு என்னையே சொல்றா. உன் கண்ணு பொய் சொல்லும், என் சட்டை பொய் சொல்லாதுன்னுட்டேன். பழைய சட்டை அத்தனையும் அப்படியே பொருந்துதே. இதுக்கு என்ன சொல்றன்னு கேட்டேன். வாயைத் திறக்கலை."

நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, புதுச் சட்டைகளைக் கொண்டுவாருங்கள், அதையும் பார்க்கிறேன் என்றேன். வேண்டாம், அவளே கடையில் திருப்பிக் கொடுக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்றார். அந்த வாரம் முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது. மெஷினோடு சேர்ந்து முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தேனாம், சாவிக்காரர் சொன்னார்.

பிறகுதான் பெல்ட் வந்தது. ஒரு நாள் உட்கார்ந்தபடியே, "பெல்ட்டுல புது ஓட்டை போடணும், தோல் நீண்டு போச்சு," என்றார். தோல் நீளும், உண்மைதான். ஆனால் ஓட்டை ஒரு சங்கடமான சாட்சி. போட்டால் தினமும் குனிந்து பார்க்கும்போதெல்லாம் கண்ணில் படும். விட்டுவிட்டுப் போங்கள், பார்த்துத் தருகிறேன் என்று வேறு ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.

பெல்ட்டைக் குறைக்க ஒரு முறை இருக்கிறது. ஓட்டைகள் உள்ள பக்கம் கை வைக்கக் கூடாது. கொக்கியைக் கழற்றி, அந்தப் பக்கத்தில் வெட்டிவிட்டு, மறுபடி கொக்கியை மாட்ட வேண்டும். அப்போது வழக்கமாகத் தேய்ந்து போன அதே ஓட்டையில் முள் போய் விழும். அவர் எப்போதும் போடும் ஓட்டை அகன்று நீளமாகியிருந்தது. அதிலேயே விழும்படி செய்து கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, தோலை எப்படிச் சுருக்கினாய் என்று ஆச்சரியப்பட்டார். வெந்நீரில் போட்டேன் என்றேன்.

துணியைத்தான் வெட்டவில்லை என்று முன்னால் சொன்னேன். பெல்ட்டை வெட்டினேன். வெட்டிய துண்டு இன்னும் பொத்தான் டப்பாவில் கிடக்கிறது. தோலை உள்ளே மடித்து வைக்க முடியாது, அதனால்தான்.

அவள் விடவில்லை. அவளுடைய கடை வாசலில் எடை பார்க்கும் மெஷின் இருந்தது. கையைப் பிடித்து ஏற்றிவிட்டாளாம். அன்று அவர் விடுமுறை நாள்கூட இல்லை, வேலைக்கு நடுவில் நேராக என் கடைக்கு வந்தார். எண்ணெய்க் கறை படிந்த வேலை உடுப்பு. ஸ்டூலில் உட்காரவில்லை.

"அந்த மெஷின் என்னவோ கண்டபடி காட்டுது," என்றார். "ஊரே ஏறி இறங்குற மெஷின். ஸ்பிரிங் செத்திருக்கும். லிஃப்ட்டுலகூட அப்படித்தான், ஒரு ஆளு ஏறினா ஆறு பேர்னு கத்தும், ஆறு பேர் ஏறினா கம்முன்னு இருக்கும். நான் பாக்காத மெஷினா."

நான் ஆமாம் என்றேன்.

"ஆனா அவ அழுவுறா."

நான் தையல் மெஷினை நிறுத்தினேன்.

"நீ டேப்ப எடு. அளந்து சொல்லு. மெஷின் பொய் சொல்லும், அவ பயந்துக்கிட்டு பெருசாக்குவா. நீ அளவுல பொய் சொல்ல மாட்ட. உனக்கு அது வராது."

கையைத் தூக்கி நின்றார். டேப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனபோது என் கன்னம் அவர் சட்டையில் பட்டது. அந்தச் சட்டையின் ஒவ்வொரு தையலும் எனக்குத் தெரியும். அதற்குள் இருந்தவரைத்தான் எனக்கு அடையாளம் தெரியவில்லை. விலா எலும்புகள் டேப்பின் மேல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. அவர் மூச்சுக்கூட விடாமல் நின்றார். சின்ன வயதில் ஊசி போட்டுக்கொள்ள நிற்கிற பிள்ளை மாதிரி, கண்ணை மேலே கூரையில் வைத்துக்கொண்டு. பிரிந்து போன பிறகு நான் அவரை அணைத்தது அது ஒரு முறைதான். டேப்பில் இருந்த எண்ணைப் பார்த்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்தார்.

"பழைய அளவுதான்," என்றேன்.

அவர் மூச்சை விட்டார். தோள் இரண்டும் இறங்கின. பிறகு சிரித்து, "அதான பார்த்தேன்," என்று என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

வாக்குமூலம் என்று வந்தால் பொய் எது, வேலை எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வெந்நீர் என்றது பேச்சுக்குச் சொன்னது. வாய்விட்டு நான் சொன்ன பொய் அந்த இரண்டு வார்த்தைதான். மற்றதெல்லாம் தொழில்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு கட்டடத்தில் ஏணியில் ஏறும்போதே மயங்கிச் சரிந்துவிட்டார். கூட வேலை செய்கிறவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். சாவிக்காரர் வந்து சொன்னார். நான் கடையை அடைத்துவிட்டுப் போனேன்.

ஆஸ்பத்திரி உடுப்புக்கு அளவு கிடையாது. குண்டானவர், ஒல்லியானவர் எல்லோருக்கும் ஒரே பை, முதுகில் நாடா. அந்தப் பைக்குள் அவரை முதன்முதலாக எல்லோரும் பார்த்தார்கள். கூட வேலை செய்தவர்கள் வாசலில் நின்று, நேற்றுவரைக்கும் நன்றாகத்தானே இருந்தார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வேலை எத்தனை சுத்தம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று யாரும் கொடுக்க முடியாது.

வயிற்றுக்குள் இருந்தது பரவிவிட்டதாம். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருக்கலாம் என்று டாக்டர் மருந்துக்கடைக்காரியிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். தான் கொண்டுவர முயன்றதாக அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன்.

அவள் மருந்து வாங்கப் போன நேரத்தில் அவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"இந்த உடுப்பு எனக்குச் சரியில்லை. இதைப் போட்டுக்கிட்டுக் கண்ணாடியில பாத்தா எனக்கே பயமா இருக்கு. வீட்ல இருந்து என் சட்டை ஒண்ணு கொண்டு வா."

வீடு என்று அவர் சொன்னது என் வீட்டை. அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அன்று அளவெடுக்கத் தேவையே இருக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் கைக்குத் தெரிந்துவிட்டது. கோடு போட்ட சட்டை, அவருக்குப் பிடித்தது. இனி பிடிப்பதற்கு இடம் இல்லை என்கிற வரைக்கும் பிடித்தேன். உள்ளே மடித்த துணி வெளியே தெரிகிற துணிக்குச் சமமாக வந்துவிட்டது. மறுநாள் நர்ஸ் கையைப் பிடித்து மாட்டிவிட்டார். காலர் கழுத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. இப்போது பார்க்கத் தேவலை என்றார் நர்ஸ். அவர் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். அந்தச் சட்டையோடுதான் கடைசிவரை இருந்தார்.

போலீஸ் யாரும் வரவில்லை. எதற்கு வருவார்கள்? சட்டையைப் பிடித்துத் தைத்தது எந்தச் சட்டத்தில் குற்றம்?

அவள்தான் வந்தாள். காரியம் எல்லாம் முடிந்து, மருந்துக்கடையை மறுபடி திறந்த பிறகு ஒரு நாள் மத்தியானம். கடைக்குப் போடும் வெள்ளைக் கோட்டோடேயே வந்திருந்தாள். கையில் ஒரு பை. அவளிடம் அவர் விட்டுப்போன சட்டைகள், பேண்ட்டுகள், அந்தப் பெல்ட்.

"இதெல்லாம் இங்க இருந்து வந்ததுதான் அக்கா. என்ன செய்யறதுன்னு தெரியலை. தூக்கிப் போடவும் மனசு வரலை."

உட்காரச் சொன்னேன். அதே ஸ்டூல். அவள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். துணியை எப்படி மடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பொட்டலம் கட்டுகிற மாதிரி மடித்திருந்தாள். இதற்குத் தனி இடம் ஒதுக்குகிறேன் என்று அலமாரியைத் திறந்தேன். அங்கேதான் தவறு செய்தேன். முதல் நாள்தான் பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் கறுப்புக் கோட்டைத் துணி உறையிலிருந்து எடுத்துக் காற்றாடவிட்டு, உறை போடாமலேயே திரும்ப மாட்டியிருந்தேன். அதைத் திருத்த எனக்குக் கை வந்ததே இல்லை. நானே வெட்டித் தைத்தது. அதில் கோணல் கிடையாது.

"இது யாரோடது?" என்றாள்.

அவரோடதுதான் என்றேன்.

அவள் எழுந்து வந்து கோட்டின் தோள்களை இரண்டு கையாலும் தொட்டாள். பிறகு மேஜைமேல் இருந்த ஒரு சட்டையை எடுத்து, கோட்டின்மேல் விரித்துப் பிடித்தாள். அப்பாவின் உடுப்பின்மேல் மகன் உடுப்பை வைத்த மாதிரி இருந்தது. சாவிக்காரர் கடையில் இரும்பு அரைபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு சட்டையை உட்புறமாகத் திருப்பினாள். பக்கவாட்டில் விரலை வைத்து, உள்ளே மடிந்திருந்த துணியின் கனத்தை மாத்திரை அட்டையைத் தடவுகிற மாதிரி தடவிப் பார்த்தாள். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பழைய தையல்களின் துளை வரிசைகள். வெளிப்புறம் மட்டும்தானே நான் பெட்டி போட்டு மூடியிருந்தேன். பெல்ட்டை எடுத்துக் கொக்கியைப் பார்த்தாள். அதையும் கீழே வைத்தாள்.

"எப்ப இருந்து அக்கா?"

"முதல்ல இருந்தே."

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இந்தச் சட்டையைக் காட்டித்தான்... நான் எத்தனை தடவை... இந்தச் சட்டையைக் காட்டித்தான் அவர் என் வாயை அடைச்சார்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, வேறு என்னென்னவோ செய்திருக்கலாம். அவள் ஸ்டூலுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் யாரும் என்னை அப்படி உற்றுப் பார்த்ததில்லை. போய்விடுவாள் என்று தோன்றியது. போனால் திரும்பி வர அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. கொடுக்க வேண்டியதை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

வாசலைப் பார்த்துத் திரும்பினாள். அப்போதுதான் கவனித்தேன். வெள்ளைக் கோட்டின் தோள் தையல் தோளைத் தாண்டி இறங்கியிருந்தது. கழுத்துப் பக்கம் இடம் விழுந்திருந்தது. முதுகில், தொங்கிய துணியைச் சேர்த்து ஒரு ஊக்குப் போட்டிருந்தாள்.

"உனக்கும் ரொம்பத் தளர்ந்துபோச்சும்மா. கழட்டிக் குடு, உக்காரு, ஒரு பிடி பிடிச்சுத் தரேன்."